சத்தமாகத்தான் வாசித்தேன்

ஜனவரி 19

நீதிதேவதையின் நேர் வாரிசும், கறுப்புக் கோட்டின் கம்பீரமும், என் அக்கா பெற்ற அதிசயமும் ஆகிய வக்கீலம்மா சமூகத்துக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் வழக்கம்போல் இரும்புத் தூண். அந்தத் தூணில் தினமும் முட்டிக்கொள்ள வேண்டியிருப்பதைத் தவிர உன் அத்தைக்கும் ஒரு குறையில்லை. உன் இருமல் போயிற்றா? போகாவிட்டால் அதன்மேல் ஒரு வழக்குப் போடு.

இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. இதில் வருகிற முற்றுப்புள்ளிகளைக்கூட நம்பாதே.

எங்கள் தகர டப்பாத் தொழிற்சாலையில் இருபது பிரஸ் மிஷின் ஓடுகிறது. அவை போடும் சத்தத்துக்குப் பயந்து காக்கைகள் எட்டு மைல் சுற்றிப் பறக்கின்றன. போன மாதம் எங்கள் கூரைக்கு மேலே வந்த ஒரு மேகம், வெட்கப்பட்டு, இடிக்காமலே திரும்பிப் போயிற்று. அந்தச் சத்தத்தை ஜெயித்த ஒரே தொண்டை, என் மிஷினில் எனக்கு எதிரே நிற்கும் ரேடியோவுடையது. நான் தகரத்தைத் தள்ளுவேன், அவன் டப்பாவை எடுப்பான். இருபத்தாறு வருஷம். டீக்கடையில் யாராவது பேப்பர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு வந்து, எட்டு மணிச் சங்கு ஊதியதும் நாட்டு நடப்பு அத்தனையும் கத்திச் சொல்வான். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்பேர்ப்பட்ட ரேடியோ இந்த மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வேலையை ராஜினாமா செய்துவிட்டான்! எவனோ ஒரு மகாமேதாவி எழுதிக்கொடுத்த கடிதம். இருபது மிஷினுக்கு நடுவே அது வாசிக்கப்பட்டது. தொழிற்சாலையே விழுந்து விழுந்து சிரித்தது. சின்ன மேனேஜர் விட்ட கண்ணீரில் கிரீஸ் டப்பா மிதந்தது. ரேடியோவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மிஷின் கிரீஸில் தோய்த்துக் கைநாட்டு வைத்தான்.

இனிமேல்தான் நம்ப முடியாத கட்டம். அடுத்த வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கேட்டில் நிற்கிறான்! "எழுதிக் குடுத்துட்டுப் போனவனுக்கு இங்க என்னய்யா வேலை?" என்று வாட்ச்மேன் கேட்கிறார். அதற்கும் சிரிக்கிறான். சாயங்காலச் சங்கு ஊதும்வரை அங்கேயே நின்றான். தூக்கைத் திறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட பைத்தியத்துக்கு உங்கள் சட்டப் புத்தகத்தில் ஒரு மூலையாவது உண்டா? சும்மா, பொது அறிவுக்குக் கேட்கிறேன்.

வெந்நீர் குடி.

இருபது மிஷினுக்கும் சக்கரவர்த்தி,
உன் மாமா

*

ஜனவரி 31

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் பாதி போய்விட்டது, மீதி வாய்தா வாங்கியிருக்கிறது. அத்தையின் முழங்கால் வலி எப்படி? நீங்கள் எழுதவே இல்லை.

மேகத்தின் கதையை ஆபீசில் வாசித்துக் காட்டினேன். எங்கள் சீனியரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: "சிரிச்சுக்கிட்டே வேலைய விட்டவன் எதுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தான்?"

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. இவை மட்டும் சொல்லுங்கள், அலங்காரம் இல்லாமல்: அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? கடிதத்தை எழுதியது யார்? யார் எழுதச் சொன்னது? எங்கள் சட்ட உதவி மையத்தில் இப்படி ஏமாற்றி வாங்கிய ராஜினாமாக்களை எத்தனையோ பார்த்திருக்கிறோம். வேலை போன நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மனுப் போட்டாக வேண்டும். அது தவறினால் கடவுளே வந்து வாதாடினாலும் கேட்கமாட்டார்கள். அவரை இங்கே அனுப்பிவையுங்கள். எங்களுக்கு ஃபீஸ் கிடையாது.

மூன்று தடவை போன் செய்தேன். ஏன் எடுப்பதே இல்லை?

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 12

சட்டம் என்னும் சமுத்திரத்தில் எதிர்நீச்சல் போடும் திமிங்கலத்துக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தையின் முழங்கால் வீட்டுக்குள் ஓட்டப்பந்தயம் நடத்துகிறது. போனா? என் சொல்வன்மையைத் தாங்காமல் கம்பி உருகிவிடும் என்று தந்தி ஆபீசே எனக்குத் தடை விதித்திருக்கிறது. நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

நீ கேட்டதற்குப் பதில். ரேடியோவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை எழுதியது யார் என்பது சரித்திர ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம், அதை விடு. டிசம்பரில் ஒரு வேன் வந்தது. எல்லோர் காதிலும் ஒரு கிண்ணியை மாட்டிப் பரிசோதித்தார்கள். தேறாமல் போனவன் ரேடியோ. சோதனை நடத்திய பெண் என் காதைப் பார்த்து மயங்கி விழாத குறை. யானைக்காது! அடுத்த மாவட்டத்தில் எறும்பு தும்மினாலும் எனக்குக் கேட்கும்.

ரேடியோவையும் அவன் மனைவியையும் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். எட்டு மணி நேரம், பாவம். நானும் வந்திருப்பேன். நான் ஒரு நாள் இல்லாவிட்டால் தொழிற்சாலை தரைமட்டமாகிவிடுமே என்று பார்க்கிறேன். என்னைப் பற்றி அவனிடம் ஒன்றும் விசாரிக்காதே. புகழ்ந்து தள்ளி உன் நேரத்தை வீணாக்குவான்.

இருமலின் மீதிக்கும் தீர்ப்பு வரட்டும்.

உன் மாமா

*

பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். மனுவைக் கெடுவுக்குள் போட்டாயிற்று. முதலில் அந்த நிம்மதியைச் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோ வந்த அன்று எங்கள் ஆபீசில் ஒரு வேலையும் நடக்கவில்லை. "வணக்கம்மா" என்று அவர் சொன்னதில் பக்கத்துப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை, மாமா. இரண்டு வருஷமாம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மனைவியும் அவரும் மூடிவைத்திருக்கிறார்கள். யாராவது பேசினால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், எதிராளி சிரித்தால் அவரும் சிரித்துவிடுகிறார். மிஷினில் கூட நின்றவர் சைகை காட்டியே இவ்வளவு நாள் காப்பாற்றினாராம். அது நீங்கள்தானே. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அவர் கைநாட்டு வைத்தது லீவு லெட்டருக்கு என்று சொல்கிறார். மகளுக்குப் பிரசவம், நாலு நாள் லீவு. குழந்தையைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை வேலைக்கு வந்திருக்கிறார். அந்தக் கடிதத்தை யார் எழுதினது என்று அவர் மனைவி கையாட்டிக் கேட்டார். ரேடியோ என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். எத்தனை தடவை கேட்டாலும் அதே. அது என்ன சைகை, மாமா?

மனுவில் கைநாட்டு வாங்கிய பிறகு அவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். இனிமேல் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் விரலை வைக்கக்கூடாது. ஒரு காகிதத்தை நீட்டி, என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக் காட்டினேன். புரிந்துகொண்டு அவரும் கையைப் பின்னால் கட்டினார். நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தோம். நல்ல மாணவர்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

*

மார்ச் 8

வக்கீலம்மாவுக்கு,

சௌக்கியம். மழை இல்லை. உன் அத்தை பரணைச் சுத்தம் செய்யச் சொன்னாள். அங்கே இருந்த எலி கழுதை சைஸில் இருந்ததால் அதனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தலையில் கை வைத்ததா? கொசுவாக இருக்கும்.

கம்பெனி என்ன பதில் சொல்லியிருக்கிறது?

மாமா

*

ஏப்ரல் 22

மாமாவுக்கு,

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. ரேடியோவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் "எங்கள் தொழிற்சாலையின் வழக்கப்படி, கடிதம் மிஷின் அருகே சக தொழிலாளர்கள் முன்னிலையில் சத்தமாக வாசித்துக் காட்டப்பட்டது. அவர் சிரித்த முகத்துடன் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார்" என்கிறார்கள். கடிதத்தின் நகலையும் வைத்திருக்கிறார்கள். கீழே கறுப்பாக ஒரு கிரீஸ் விரல்.

கடிதத்திலிருந்து ஒரு வரி:

"தங்கள் மிஷின்களின் இன்னிசையில் இருபத்தாறு ஆண்டுகள் தாலாட்டப்பட்ட அடியேன், என் ஆனந்தக் கண்ணீர் ஏழு சமுத்திரமாகப் பெருகிக் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆகும் முன்னர், முழுச் சம்மதத்தோடு இன்றே விடைபெறுகிறேன்."

நான் நாலாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவு லெட்டர் போயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் அதை எல்லா டீச்சருக்கும் வாசித்துக் காட்டினார். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "என் அக்கா மகளின் காய்ச்சலில் வீட்டுத் தெர்மாமீட்டர் வீரமரணம் அடைந்தபடியாலும், அவள் வியர்வை ஏழு சமுத்திரமாகப் பெருகிக் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருப்பதாலும்..."

சீனியரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றார். இருமல் என்றேன்.

நீங்கள்தானா, மாமா?

*

ஜூன் 3

மாமா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. தினமும் தபால்காரரை வாசலிலேயே மறித்துக் கேட்கிறேன்.

சீனியரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பின் முக்கிய ஆதாரத்தை எழுதியவர் என் மாமா என்றால் நான் அந்த வழக்கில் இருக்க முடியாது. விலகிவிட்டேன். இனி அவரே நடத்துவார். அதனால் இதை நான் வக்கீலாக எழுதவில்லை.

ஜூலை பதினைந்து விசாரணை. யார் சொல்லி அந்தக் கடிதத்தை எழுதினீர்கள், அது ராஜினாமா என்று ரேடியோவுக்குத் தெரியுமா தெரியாதா, இந்த இரண்டையும் கூண்டில் ஏறிச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். நீங்கள் வராவிட்டால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்காது. வந்தால் உங்களுக்குத் தொழிற்சாலையில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

*

ஜூன் 20

அம்மாடி,

அத்தை நலம். நானும் ஏதோ.

ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு யானையாவது ஒரு கப்பலாவது வந்து நின்றுகொண்டது. இதில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோருடைய லீவு லெட்டரையும் நான்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எழுதி, மிஷின் பக்கத்தில் நின்று வாசிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் கையெழுத்து. இதுதான் வழக்கம்.

அன்று காலையில் ரேடியோ என்னிடம் லீவு கேட்டான். கையில் குழந்தையைத் தாலாட்டுவது போல் காட்டி, நாலு விரல். நான் தலையாட்டினேன். பத்து மணிக்குச் சின்ன மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்ஷன் வருது. காது போனவனை மிஷின்ல நிக்கவச்சா எங்களைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. நீங்க எழுதிக் குடுத்தா அவன் யோசிக்காம விரல் வைப்பான்."

"அவன் கேட்டது லீவுங்க."

"லீவுன்னே வச்சுக்கங்களேன். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் கூப்பிட்டுக்கப் போறோம்."

அப்புறம் என்னைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அவன் கேட்ட லெட்டரை நான் எழுதவில்லை. இதை எழுதினேன். ஒரு மாசத்தில் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நம்பியதால், கொஞ்சம் ரசித்துக்கூட எழுதினேன். ஆனால் வாசித்தேன், அம்மாடி. சத்தமாகத்தான் வாசித்தேன். தொண்டை கிழிய. அதில் சந்தேகம் வேண்டாம்.

தலையில் கை வைத்தால் 'மேஸ்திரி வர்றான், வாயைத் திறக்காதே' என்று அர்த்தம். இருபது மிஷின் சத்தத்தில் எங்களுக்குள் இருபத்தேழு சைகை உண்டு. உன் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான்.

பதினைந்தாம் தேதி வருகிறேன்.

மாமா

*

ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கு,

நான் கோர்ட் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது?

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். சீனியரம்மா உங்கள் எதிரே நின்று கேட்டபோது எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னீர்கள்! ஒரு யானை இல்லை, ஒரு கப்பல் இல்லை. மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னீர்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் கம்பெனி வக்கீல் எழுந்தார். ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு முதுகைக் காட்டி, நீதிபதி பக்கம் திரும்பி நின்று வாசித்தார். இருபத்தாறு வருஷத்தில் உங்களுக்காக நீங்கள் எழுதிய லீவு லெட்டர்கள். ஒரே சித்தப்பா ஐந்து தடவை செத்திருக்கிறார். வீட்டுக் கிணற்றில் முதலை. கோர்ட்டே சிரித்தது, நீதிபதியும் சிரித்தார். நீங்கள் சுற்றிலும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

அவர் திரும்பாமலே கேட்டார்: "ஆக, புளுகுவதே இவருக்கு வாடிக்கை. இது ராஜினாமா என்று அன்றைக்குச் சைகையில் மனுதாரருக்குச் சொன்னீர்கள், அப்படித்தானே?"

நீங்கள் சிரித்தபடியே தலையாட்டினீர்கள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், மாமா. பிப்ரவரியில், எங்கள் ஆபீசில், ரேடியோவின் முகத்தில்.

போனை எடுக்காத மாமா. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத மாமா. எனக்கு எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சீனியரம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் உங்கள் எதிரே வந்து நின்று, "உங்களுக்குக் காது நல்லாக் கேட்குதா?" என்றார். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. 'இல்லை' என்றிருந்தால் போதும். எதிர் வக்கீல் கேட்டதே உங்கள் காதில் விழவில்லை என்று அந்தத் தலையாட்டலைக் குப்பையில் போட்டிருப்பார்கள். மேனேஜர் எதைச் சொல்லி உங்களை மடக்கினார் என்பதும் புரிந்திருக்கும். வேனில் தேறாமல் போனது ஒருத்தர் இல்லை, இரண்டு பேர்.

நீங்கள் ரேடியோவைப் பார்த்தீர்கள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்த மாவட்டத்துல எறும்பு தும்மினாலும் கேக்கும்மா" என்றீர்கள்.

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள்.

எத்தனை வருஷமாக, மாமா?

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

மனு தள்ளுபடி. கடிதம் வாசித்துக் காட்டப்பட்டிருக்கிறது, சிரித்தபடி ஒப்புக்கொண்டிருக்கிறார், சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல. மூன்று வரிதான்.

தீர்ப்பு சொன்னது தெரியாமல் ரேடியோ வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும், "நாளைக்கே வேலைக்கு வரலாமாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது. அவர் மனைவி இரண்டு முஷ்டியையும் குறுக்கே வைத்துக் காட்டினார். மிஷினை நிறுத்து என்கிற சைகையாம். ரேடியோ அந்த முஷ்டிகளைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அப்பீலுக்கு அறுபது நாள், அதாவது நவம்பர் ஒன்று வரை. சீனியரம்மா தயார். இரண்டு விஷயம் வேண்டும். உங்கள் காதுக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ். அப்பீல் காகிதத்தில் ரேடியோவின் கைநாட்டு. காகிதங்களை இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் குறி போட்ட இடத்தில் விரல் வைத்தால் போதும். சீனியரம்மாவால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நானே வந்து வாங்கினால், சாட்சியின் மருமகள் வந்து மிரட்டி வாங்கினாள் என்பார்கள். நீங்கள் அவர் மனைவியிடம் கொடுத்து விவரம் சொல்லுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். கெடு முக்கியம்.

உங்கள் மருமகள்

*

நவம்பர் 4

என் கண்ணு,

நீ நன்றாக இரு. உன் அத்தை முழங்கால் வலியோடு இருக்கிறாள், ஓட்டப்பந்தயம் ஒன்றும் இல்லை. நான் இரும்புத் தூணும் இல்லை.

சான்றிதழ் இதோடு இருக்கிறது. இடது காதில் ஒன்றும் இல்லை, வலது காதில் கொஞ்சம் தூசி மாதிரி. டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டி, எத்தனை வருஷம் என்று கேட்டார். மூன்று விரல் காட்டினேன். ரேடியோவைவிட ஒரு வருஷம் மூத்தவன் நான். அவனைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டாயே, கண்ணு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மிஷினை ஓட்டினோம்.

சான்றிதழில் ஒரு நகலைச் சின்ன மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "உங்க லெட்டரை நீங்களே எழுதிக்குங்க. உங்க அளவுக்கு இங்க யாரு எழுதறது?" என்று வாயசைத்தார். "எனக்கு எழுதத் தெரியாதுங்க" என்றேன். அந்த ஆபீசில் நான் சொன்ன புளுகுகளில் அதுதான் ஆகப் பெரியது. அன்றே அனுப்பிவிட்டார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. என் வழக்கை அப்புறம் நீ பார்த்துக்கொள், அவசரமில்லை.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அதற்குத்தானே வந்தாக வேண்டும்.

அக்டோபர் முழுக்க உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டுவான். டீ குடிக்கிறாயா என்று அர்த்தம். குடிப்போம். பையிலிருந்து காகிதத்தை எடுப்பேன். உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வான்.

நீ சொல்லிக்கொடுத்ததுதான். நல்ல மாணவன் என்றாயே.

அவன் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். உன் கறுப்புக் கோட்டைக் காட்டுவது போல் தோளைத் தொட்டுக் காட்டினாள், கோர்ட்டு, வேலை, மிஷின் எல்லாம் காட்டினாள். தலையை ஆட்டிவிட்டான். தீர்ப்புக்குப் பிறகு அவன் பஸ் டிக்கெட்டைக்கூடக் கையில் வாங்குவதில்லையாம், அவள்தான் வாங்குகிறாள். உன் புத்திமதியைக் காப்பாற்றுகிறானா, என் காகிதத்துக்குப் பயப்படுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. தூங்கும்போது விரலைப் பிடித்து வைத்துவிடலாமா என்று அவளே கேட்டாள். ஒரு தடவை தெரியாமல் வைக்கச் செய்தது போதும் என்றேன்.

அக்டோபர் முப்பத்தொன்று, காகிதம் கெடுவுக்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டுமானால் அதுதான் கடைசி நாள். அவன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் சொன்னேன், அவனுக்குக் கேட்காது. என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே கேட்கவில்லை. சைகையில் சொல்லப் பார்த்தேன். எங்களிடம் இருபத்தேழு இருக்கிறது. எண்ணெய் விடு, தகரம் சிக்கிக்கொண்டது, டீ, மேஸ்திரி, குழந்தை, லீவு. நான் செய்ததற்கு ஒன்று இல்லை. நெஞ்சைத் தொட்டேன், அவன் கட்டைவிரலைத் தொட்டேன், அதற்குமேல் கை போகவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை சமுத்திரம் என்று அளக்கவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். அப்புறம் உள்ளங்கையைத் தன் தலைமேல் வைத்துக் காட்டினான். மேஸ்திரி வர்றான், வாயைத் திறக்காதே.

மறுநாள் அவர்கள் மகள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவன் மனைவி பஸ்ஸில் ஏறும் முன்னால், என் முகத்துக்கு நேரே வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "விடுங்கண்ணே. இனிமே ஒரு காயிதமும் எங்க வீட்டுக்குள்ள வரவேண்டாம்." காகிதங்களை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது.

ஜனவரியில் உனக்கு ஒரு கதை எழுதினேன். முற்றுப்புள்ளியைக்கூட நம்பாதே என்றேன். அது நியாயமான எச்சரிக்கைதான். காக்கை பொய். மேகம் பொய். மேனேஜர் அழுதது பொய். அப்புறம் ஜூனில், யானையும் கப்பலும் இல்லாமல் எழுதினேனே ஒரு கடிதம், அதில் ஒரு பொய் இருந்தது. கூண்டிலும் அதையே சொன்னேன். சத்தமாக வாசிக்கவில்லை, கண்ணு. சத்தம் போட்டால் அக்கம்பக்கத்து மிஷின்காரர்களில் யாராவது ஒருத்தன் காதில் ஒரு வார்த்தை விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வாயை மட்டும் அசைத்தேன். நான் வாசித்தால் சிரிப்பது அவர்களுக்கு வழக்கம், அதனால் சிரித்தார்கள். அந்த இருபது மிஷின் சத்தத்தில் யாருக்குத் தெரியும்?

அந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். ரேடியோ சிரித்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் சிரித்தேன், அதனால் அவனும் சிரித்தான்.

மாமா